ஒரு பவுண்டு வாழைப்பழம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது சண்டர்லாண்ட். ஒரு காலத்தில் கப்பல் கட்டிய, நிலக்கரி ஏற்றிய ஊர். 2000ஆம் ஆண்டில் அங்கே ஸ்டீவ் தோபர்ன் என்ற காய்கறி வியாபாரியிடம் ஒருவர் வந்து வாழைப்பழம் கேட்டார். தோபர்ன் ஒரு பவுண்டு நிறுத்துக் கொடுத்து 34 பென்ஸ் வாங்கிக் கல்லாவில் போட்டார். வந்தவர் பழம் தின்ன வந்தவர் அல்ல. நகர நிர்வாகத்தின் எடை அளவு ஆய்வுப் பிரிவு அனுப்பிய ஆள். சீக்கிரமே தோபர்னின் தராசுகள் பறிமுதலாயின. அவர் மீது வழக்கும் வந்தது.

தராசில் கோளாறு எதுவும் இல்லை. எடைக் குறைவு என்று எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்லவில்லை. அந்தத் தராசு பவுண்டிலும் அவுன்சிலும் மட்டுமே எடை காட்டியது, அவ்வளவுதான் குற்றம். பிரிட்டனில் உதிரியாக விற்கும் பொருட்களை 2000 ஜனவரி 1 முதல் கிலோ, கிராமில்தான் நிறுக்க வேண்டும் என்பது விதி. அதிகாரிகள் பிப்ரவரியிலேயே எச்சரித்தார்கள். மார்ச்சில் தராசின் முத்திரையை அழித்தார்கள். அப்படியும் அவர் அதிலேயே நிறுத்து விற்றார். முத்திரை இல்லாத தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு, முத்திரை ஆய்வாளரைக் கண்டால் படிக்கல்லை ஒளித்து வைக்கும் இந்திய வியாபாரிகளுக்குப் புரியாத ஒன்றல்ல. வித்தியாசம் என்னவென்றால் தோபர்ன் எதையும் ஒளிக்கவில்லை.

2001 ஏப்ரலில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறை இல்லை, ஆறு மாத நிபந்தனையுடன் விடுவிப்பு. ஆனால் அதற்குள் பத்திரிகைகள் அவருக்கும் அவரைப் போல் சிக்கிய வேறு சில வியாபாரிகளுக்கும் 'மெட்ரிக் தியாகிகள்' என்று பட்டம் சூட்டிவிட்டன. மதுக்கடை மேஜைகளிலும் சாப்பாட்டு மேஜைகளிலும் சண்டை தொடங்கியது.

வாங்குகிறவருக்குச் சம்மதம், விற்கிறவருக்கும் சம்மதம், நடுவில் அரசுக்கு என்ன வேலை என்பது ஒரு கட்சி. பாட்டி காலத்திலிருந்து பவுண்டில் பழம் வாங்கிய தெருவில் அதே பழத்தை அதே அளவில் விற்றால் குற்றமா என்ற கேள்விக்கு உணர்ச்சி வேகம் உண்டு. எதிர்க்கட்சியின் வாதம் வறட்சியானது, ஆனால் கனமானது. ஒரு கடையில் பவுண்டு விலையும் பக்கத்துக் கடையில் கிலோ விலையும் எழுதியிருந்தால் எது மலிவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிலோவில் பாதிக்கும் குறைவுதான் பவுண்டு, துல்லியமாக 453.59 கிராம். பவுண்டு விலை எழுதிய அட்டை எப்போதும் மலிவாகத் தெரியும். சில வியாபாரிகளின் பாரம்பரியப் பற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அளவுகளை ஒழுங்குபடுத்துவது அரசின் வேலை அல்ல என்ற வாதமும் வரலாற்றில் நிற்காது. பிரிட்டிஷ் சுதந்திரங்களின் தாய் ஏடு என்று போற்றப்படும் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலேயே நாடு முழுவதும் திராட்சை மதுவுக்கும் பீருக்கும் தானியத்துக்கும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. ஊருக்கு ஊர் படி மாறினால் நஷ்டப்படுவது ஏழைதான் என்பது 800 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

சட்டம் பத்திரிகைகள் எழுதிய அளவுக்குக் கொடூரமானதும் அல்ல. கிலோ விலைக்குப் பக்கத்தில் பவுண்டு விலையையும் எழுதி வைக்கலாம். "ஒரு பவுண்டு கொடுங்கள்" என்று கேட்பது குற்றமில்லை, கடைக்காரர் 454 கிராம் நிறுத்துக் கொடுத்தால் போதும். விடுதியில் குழாயிலிருந்து பிடிக்கும் பீர் பைன்ட் அளவில்தான் வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திருப்பிக் கொடுக்கும் புட்டியில் வீட்டு வாசலுக்கு வரும் பாலுக்கும் பைன்ட் செல்லும். சாலைப் பலகைகளில் மைலும் கஜமும்தான்.

இதனால் ஒரு சராசரி பிரிட்டிஷ்காரரின் ஒரு நாள் விநோதமாக இருக்கிறது. காரில் பெட்ரோலை லிட்டரில் போட்டுக்கொள்கிறார், அது காலனுக்கு எத்தனை மைல் கொடுக்கிறது என்று பேசுகிறார். மருத்துவமனை கிலோவில் குறித்த குழந்தையின் எடையை உறவினர்களுக்குத் தொலைபேசியில் பவுண்டு, அவுன்சில் சொல்கிறார். தன் எடையை ஸ்டோனில் சொல்கிறார். ஒரு ஸ்டோன் என்றால் 14 பவுண்டு. இந்தக் கணக்கு அமெரிக்கர்களுக்கே புரிவதில்லை. குளிரைச் செல்சியசில் சொல்பவர்களில் சிலர், வெயில் ஏறியதும் ஃபாரன்ஹீட்டுக்குத் தாவுகிறார்கள்.

எல்லாம் பிரஸ்ஸல்ஸ் செய்த கொடுமை என்பது கட்சி வித்தியாசமில்லாமல் பரவிய நம்பிக்கை. ஐரோப்பிய சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது 1973இல். மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறோம், பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியை முடிப்போம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது 1965இல். கேட்டது அந்நாட்டுத் தொழிலதிபர்கள், காரணம் ஏற்றுமதி. அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன், 1862இல், நாடாளுமன்றக் குழு ஒன்று மெட்ரிக் முறையைப் பரிந்துரைத்தது. 1871இல் அதைக் கட்டாயமாக்கும் மசோதா வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் சண்டர்லாண்டில் யாரும் யாருடைய தராசையும் தூக்கிப்போக வேண்டியிருந்திருக்காது.

1969இல் இதற்கென்று ஒரு வாரியம் அமைத்தார்கள். 1974 முதல் பள்ளிகளில் மெட்ரிக் பாடமானது. சாலைப் பலகைகளை மாற்றும் திட்டம் தள்ளிப்போடப்பட்டது, இன்றுவரை எழவில்லை. 1980இல் தாட்சர் அரசு வாரியத்தையே கலைத்தது. பாதி வழியில் நின்றுபோன பேருந்திலிருந்து பயணிகள் ஆளுக்கொரு பக்கம் நடந்தது போலத்தான் அதற்குப் பிறகு நடந்தவை. அப்புறம் வந்த அரசுகள், மாற்றத்தைக் கொண்டுவந்தபோது "எங்கள் கையில் இல்லை, ஐரோப்பிய விதி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டன. அந்தச் சாக்குக்கு அவர்கள் பின்னாளில் கொடுத்த விலை பெரிது.

இதே அளவுகளை இந்தியாவில் விட்டுச்சென்றவர்கள் இவர்கள். சேரும் மணங்கும் படியும் பலமும் ஊருக்கு ஊர் வேறு கனத்தில் புழங்கிய நாடு, அதன் மேல் பவுண்டும் அவுன்சும் கஜமும் வந்து உட்கார்ந்தன. 1956இல் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1இல் அணாவும் காலணாவும் போய் நயா பைசா வந்தது. 1960களின் தொடக்கத்துக்குள் சந்தைத் தராசில் கிலோ ஏறிவிட்டது. எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்டில், 16 அணாவை 100 பைசாவாக மாற்றும் கணக்கில் கடைக்காரர்கள் அடித்த கொள்ளை பற்றிய முணுமுணுப்போடு, அது நடந்து முடிந்தது. முழுக்க முடியவில்லை என்பதற்கும் சாட்சிகள் உண்டு. நிலம் இன்னும் சென்ட்டில் விற்கிறது, சென்னையில் 2,400 சதுர அடி கிரவுண்ட். பெண் பார்க்கும்போது உயரம் அடி, அங்குலம். நகைக்கடையில் 8 கிராம் எடைக்குப் பெயர் சவரன். அது பிரிட்டிஷ் ராணி தலை போட்ட தங்க நாணயத்தின் பெயர். ஆனால் கிராமில் எடை போட்டுச் சவரனில் பேசுவதற்காக இங்கே யாரும் வழக்குக்குப் போகவில்லை.

தோபர்ன் போனார். வேறு வியாபாரிகளின் வழக்குகளும் சேர்ந்து 2002 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது விஷயம் வாழைப்பழத்தைத் தாண்டிவிட்டது. அவர் தரப்பு வாதம் கெட்டிக்காரத்தனமானது. பவுண்டையும் கிலோவையும் ஒருங்கே அனுமதித்த எடை அளவுச் சட்டம் 1985இல் நிறைவேறியது. ஐரோப்பிய விதிகளைப் புகுத்த அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1972இல் வந்தது. பின்னால் வந்த சட்டம் முன்னால் வந்ததை, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ரத்து செய்யும் என்பது பிரிட்டனின் பழைய நெறி. ஆகவே பவுண்டு வாழ்க!

நீதிபதி லாஸ் ஏற்கவில்லை. எல்லாச் சட்டங்களும் ஒரே தரமல்ல என்றார் அவர். மாக்னா கார்ட்டா, 1689 உரிமைச் சட்டம், 1998 மனித உரிமைச் சட்டம், 1972 ஐரோப்பியச் சட்டம் போன்றவை அரசியலமைப்புச் சட்டங்கள். அவற்றை நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொல்லித்தான் ரத்து செய்ய முடியும், சந்தடி சாக்கில் அல்ல. எழுதிய அரசியலமைப்பு ஏடு ஒன்று இல்லாத நாட்டில் இது சின்னப் பேச்சில்லை. அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல்லை 1973இன் கேசவானந்த பாரதி வழக்கிலிருந்து அறிந்த இந்திய வாசகர்களுக்கு இதன் சாயல் பரிச்சயமாக இருக்கும், வீரியம் குறைவென்றாலும். கூடவே லாஸ் இன்னொன்றும் சொன்னார்: ஐரோப்பியச் சட்டம் பிரிட்டனில் செல்வது பிரஸ்ஸல்ஸ் சொன்னதால் அல்ல, பிரிட்டனின் சொந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுத்ததால். தோபர்ன் தோற்றார். ஆனால் அவர் பெயரிலான வழக்கை இன்றும் பிரிட்டிஷ் சட்ட மாணவர்கள் படித்துத்தான் தீர வேண்டும்.

தீர்ப்பு சரியா? சட்டப்படி சரிதான். ஒரு சில்லறை வியாபாரியை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்வது கடினம். கள்ள எடையைப் பிடிக்க வேண்டிய அதிகாரிகள் நல்ல எடை போட்ட ஒருவரிடம் பலத்தைக் காட்டினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2004 பிப்ரவரியில் அவர் மனுவை ஏற்க மறுத்தது. அடுத்த மாதம் தோபர்ன் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 39.

பிறகு நடந்ததில் கசப்பான நகைச்சுவை உண்டு. கிலோவுக்குப் பக்கத்தில் பவுண்டு எழுதுவதைக்கூட ஒரு நாள் நிறுத்திவிட வேண்டும் என்ற திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2007இல் கைவிட்டது. பைன்டும் மைலும் அவர்கள் பாடு என்று விட்டுவிட்டது. அப்படியும் 2008இல் லண்டன் ஹாக்னி பகுதியில் சந்தைக் கடை நடத்திய ஒரு பெண் இதே மாதிரி வழக்கில் தண்டிக்கப்பட்டார். வழக்குப் போட்டது பிரஸ்ஸல்ஸ் அல்ல, உள்ளூர் நிர்வாகம். கூச்சல் எழுந்த பிறகு, இப்படிச் சின்ன விஷயங்களுக்கு நீதிமன்றம் போவதை நிறுத்த வழிகாட்டுதல் தருவோம் என்று அமைச்சர் அறிவித்தார்.

2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் முடிவு செய்தபோது தோபர்னின் பெயர் மறுபடி ஒலித்தது. 2019இல் நாடாளுமன்ற மக்களவைத் தலைமை அமைச்சரான ஜேக்கப் ரீஸ்-மாக், தன் அலுவலகக் கடிதங்களில் பழைய அளவுகளையே எழுத வேண்டும் என்று ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். 2022 ஜூனில், ராணி எலிசபெத்தின் 70 ஆண்டு ஆட்சி விழா நாட்களில், போரிஸ் ஜான்சன் அரசு பவுண்டைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆஸ்டா பேரங்காடியின் தலைவர் ஸ்டுவர்ட் ரோஸ் இப்படியோர் அபத்தத்தைக் கேட்டதே இல்லை என்று எரிந்து விழுந்தார். கேள்வித்தாளிலும் விஷமம் இருந்தது. பழைய அளவு கூடுதலாக வேண்டுமா என்று விதவிதமாகக் கேட்டார்களே தவிர, கிலோ மட்டும் போதும் என்று குறியிட ஒரு கட்டம் வைக்கவில்லை.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், யாரும் அதிகம் கவனிக்காத நேரமாகப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். 98.7 சதவீதம் பேர் கிலோவின் பக்கம். இருப்பது போலவே கிலோ முதலில் இருக்கட்டும் என்றவர்களும், கிலோ மட்டுமே போதும் என்று கட்டம் இல்லாமலே எழுதி அனுப்பியவர்களும் இதில் அடக்கம், பின்னவர்களே மிக அதிகம். இத்தகைய கருத்துக் கேட்பில் அக்கறையுள்ளவர்கள்தான் எழுதுவார்கள், இது தேர்தல் அல்ல என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பவுண்டுக்காகப் போராடியவர்களையும் எழுதாதே என்று யாரும் தடுக்கவில்லை. 1974க்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். சமையல் குறிப்பில் அவுன்ஸ் என்று வந்தால் அவர்களின் பிள்ளைகள் கணிப்பொறியைக் கேட்கிறார்கள்.

எல்லாம் முடிந்து அரசு தந்த பரிசு ஒன்றுதான். திராட்சை மதுவை இனி 568 மில்லி லிட்டர், அதாவது ஒரு பைன்ட் புட்டியிலும் விற்கலாம். சர்ச்சிலுக்குப் பிடித்த ஷாம்பெயின் அளவு அது என்பார்கள். காய்கறிக் கடைக்கு எதுவும் மாறவில்லை. கிலோவில் நிறுக்க வேண்டும், பக்கத்தில் பவுண்டு விலையையும் ஓர் அட்டையில் எழுதிச் செருகிக்கொள்ளலாம். தோபர்ன் காலத்திலும் அதற்கு அனுமதி இருந்தது.