‘ஒண்ணுமில்ல சார்’னு சொல்லிடாதீங்க!

மாமியார் தொல்லை, பிள்ளைகள் படிப்பு, சமையல் குறிப்பு என்று நாம் எவ்வளவோ எழுதுகிறோம். போலீஸ் கேசில் மாட்டின பிள்ளையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் நம் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம்! எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் நடந்த ஒரு தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒருவர். வள்ளத்தில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாக மூச்சுக்காற்று வாங்கிக்கொண்டு கடலடியில் சங்கு எடுப்பார். ஒரு நாள் வள்ளத்தில் இருந்து குழாயைப் பார்த்துக்கொண்டது அவர் மகன். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. அன்றைக்கு அப்பா உயிரோடு மேலே வரவில்லை.

குழாயில் கோளாறா, அவருக்கு உடம்பில் ஏதும் ஆனதா... யாருக்கும் தெரியாது. பையன் மட்டும் “நாந்தான் சரியாப் பாக்கல”ன்னு சொல்லிக்கொண்டே இருந்தான். ராத்திரி தூக்கத்தில் அலறுவான். அவன் அம்மா பனிமய மாதாவுக்கு நேர்ச்சை வைத்தாள், தர்காவில் ஓதிக் கயிறு கட்டினாள். கடைசியில் யாருக்கும் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினாள். மாத்திரை கொடுத்தார்கள். அலறல் குறைந்தது. அந்த மாத்திரையை அவள் ஒளித்து வைத்த இடம் அரிசி டப்பா! மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். வீட்டில் ‘பைத்தியம்’ இருக்கு என்று தெரிந்தால் யார் வருவார்கள்?

பதினாறு வயதில் பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். கஞ்சா விற்கிறவன் ஒருத்தன் கூட்டுச் சேர்ந்தான். ஒரு நாள் பைக் திருட்டில் பிடிபட்டான். (பைக் பறிகொடுத்தவரும் கூலி வேலைக்காரர்தான். அவர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. நோய் இருந்தால் திருடலாம் என்று சொல்ல வரவில்லை.) அவள் என்னிடம் ஓடி வந்து, “எக்கா, மாத்திர சங்கதிய அவுககிட்டச் சொல்லவா?”ன்னு கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சும்மா இரு, கேசோட இதையும் சேத்துக்கிடாத!” பெரிய புத்திசாலி மாதிரி!

நன்னடத்தை அலுவலர் விசாரிக்கும்போது, “பையனுக்கு நோய் நொடி ஏதாவது உண்டாம்மா?” என்று கேட்டிருக்கிறார். இவள், “ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கான்” என்று சொல்லிவிட்டாள். அறிக்கையிலும் அப்படியே போய்விட்டது. பையனை வெளியூர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மாத்திரை ஏது? சில நாளில் பழையபடி அலறல், சுவரில் தலையை முட்டுவது. அடம் பிடிக்கிறான், நடிக்கிறான் என்று நினைத்தார்களாம். அவர்களை எப்படிக் குறை சொல்வது? நாம்தானே சொல்லாமல் விட்டோம்!

பிறகு இலவச சட்ட உதவி வக்கீல் அம்மா ஒருவரிடம் கேட்டுத்தான் விவரம் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம்தான். போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் பையனின் குடும்பம், வளர்ப்பு, சூழ்நிலை எல்லாம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். தாய்க்குத் தெரிந்ததெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த அறிக்கைதான். அதைப் பார்த்துத்தான் கவுன்சிலிங்குக்கோ, போதை மறப்பு சிகிச்சைக்கோ குழுமம் உத்தரவு போட முடியும். நோய் கடுமையாக இருந்தால் மனநல ஆஸ்பத்திரிக்கே மாற்றலாம். இந்த அறிக்கையில் ‘ஒண்ணுமில்ல’ என்று போனால் அவர்கள் எதை வைத்து உத்தரவு போடுவார்கள்?

சரி, சொல்லிவிட்டால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் முத்திரை குத்திவிடுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். பையனின் பேர், போட்டோ, பள்ளிக்கூடம், விலாசம் எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. மீறினால் ஜெயிலே உண்டு. (நானும் அதனால்தான் தெருப் பேர்கூட எழுதவில்லை.) இந்தச் சட்டத்தில் முடிந்த வழக்கு பிற்பாடு வேலைக்கோ படிப்புக்கோ தடையாக வரக் கூடாது. பெரியவர்களைப் போல விசாரிக்கச் சொல்லி அனுப்பப்படுகிற பெருங்குற்ற வழக்குகளுக்கு மட்டும் இது வேறு. கஞ்சா கடத்தப் பையன்களைப் பயன்படுத்துகிற பெரிய மனுஷனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்றும் இதே சட்டத்தில் இருக்கிறதாம். எங்கள் தெருவில் அவன் இன்னும் பைக்கில்தான் சுற்றுகிறான்.

தாய்மார்கள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அடித்ததில்தான் செத்தான் என்று வழக்காகி, இல்ல ஊழியர்கள் கைதானார்கள். இப்படிப்பட்ட இல்லங்களைச் சீர்ப்படுத்த வழி சொல்லும்படி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவும் போட்டது. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது? என் பிள்ளை மனசு சரியில்லாதவன் என்று சொன்னால் இன்னும் இளக்காரமாக நடத்துவார்களோ என்றுதான் தோன்றும். ஆனால் சொல்லாமல் விட்ட எங்கள் பிள்ளைக்கு மாத்திரையும் போச்சு, தூக்கமும் போச்சு. ‘அடங்காத பையன்’ என்ற பேர்தான் மிச்சம். அந்தப் பேர் வந்தால்தான் அடி விழும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் அவளும் நானுமாக அரிசி டப்பாவைக் கொட்டி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தோம். வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதினோம். எந்தத் தேதியில் அப்பா இறந்தார், என்று முதல் அலறுகிறான், எந்த டாக்டர், என்ன மாத்திரை, எப்போது நின்றது, அவ்வளவுதான். சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைத்துக் குழுமத்தில் கொடுத்தோம். அங்கே இருந்த பெண் உறுப்பினர் படித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதை முதல்லயே சொல்லலியே?” என்று மட்டும்தான் கேட்டார். இவள் அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்டும்படி உத்தரவானது.

இதெல்லாம் தெரிந்திருந்தால் முதல் நாளே ஸ்டேஷனிலேயே மாத்திரையையும் சீட்டையும் காட்டி, கொடுத்ததாக எழுதி வாங்கியிருப்போம். குழந்தைகளுக்கான 1098 நம்பரும், மனநல உதவிக்கான 14416 நம்பரும் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. போன் போட்டால் காசு கிடையாது. நீங்களாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். வழக்கு முடியவில்லை. மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரண்டு மாசமாகக் கஞ்சா இல்லை என்கிறாள். நான் முழுசாக நம்பவில்லை, அவளும்தான். ஆனால் ராத்திரி அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வருவதில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. அதனால் அவன் மாத்திரை தீருகிற தேதியை என் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மாசம் பதினெட்டாம் தேதி.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தூத்துக்குடி.