துடைத்தும் விட்டார்



நமது சபை மண்டபத்துக் கழிப்பறையில் பொருத்தும்படி, கை உலர்த்தும் இயந்திரம் ஒன்றைக் காணிக்கையாக அளிக்க ஒரு குடும்பத்தார் முன்வந்துள்ளனர். ஸ்தோத்திரம். ஆனால், அதை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதே என் கவலை.

சென்ற மாதம் மதுரை சாலையிலுள்ள உணவகம் ஒன்றில், சக்கர நாற்காலியில் வந்த முதியவர் கை கழுவிவிட்டு அத்தகைய இயந்திரத்தை நோக்கிக் கையை நீட்டினார். அதுவோ நிற்பவரின் நெஞ்சுக்கு மேலே இருந்தது. கையை உயர்த்த உயர்த்த நீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் வழிந்தது. இயந்திரமோ இயங்கவே இல்லை. கடைசியில் வேட்டியிலே துடைத்துக்கொண்டார்.

உலர்ந்த கையைவிட ஈரக் கையே கிருமிகளை எளிதில் பரப்பும். ஆகவே உலர்த்தாத கை பாதி கழுவிய கைதான். 1993இல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம், கைகளை மேலிருந்து உள்ளே இறக்கும் ‘ஜெட் டவல்’ என்னும் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் நீர் முழங்கைக்கு ஓடாது. நல்ல சிந்தனைதான், ஆயினும் அதையும் உயரத்தில் மாட்டினால் சிறுவருக்கு எட்டாது. மின்தடை வந்தாலோ ஒருவருக்கும் பயன்படாது!

யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவியதோடு எழுந்துவிடவில்லை; சீலையால் துடைத்தும் விட்டார். அதற்கு அவர் குனிய வேண்டியிருந்தது.

எனவே, ஞாயிறு பள்ளியின் மிகச் சிறிய பிள்ளையையும் சக்கர நாற்காலியில் வருவோரையும் முதலில் அழைத்து, அவர்கள் கை எட்டும் இடத்தைச் சுவரில் குறித்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் அதன் பின்பு வரட்டும். மின்சாரமில்லாத வேளைக்குக் காகிதத் துவாலைகளும் அருகில் இருக்கட்டும்.