சிக்கனம் யார் தலைமேல்?

சுரங்கம் தோண்டுகிறார்கள். மண் சரியுமுன்னே, காற்றழுத்தத்தால் கான்கிரீட்டைப் பீய்ச்சிச் சுவரையும் கூரையையும் பிடித்து நிறுத்துகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் சிமெண்டு ஏராளம் வேண்டும். கன மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேலும் ஆகும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அடுப்புப் புகை மட்டுமா, கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு கிளம்புகிறது. உலகம் கக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டின் கணக்கு.

'ஆகவே சிமெண்டைக் குறை, செலவைக் குறை' என்கிறார்கள் வல்லுநர்கள். குறைக்கட்டும். எங்கே குறைப்பது என்றுதான் நாம் கேட்கிறோம்.

இலண்டனைப் பாருங்கள். முதலில் பீய்ச்சிய ஓட்டைத் 'தற்காலிகம்' என்று தள்ளிவிட்டு, முழுச் சுமையையும் தாங்க உள்ளே இன்னொரு ஓடு கட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். தொழிலாளி வியர்வை சிந்தி எழுப்பிய முதல் ஓடு ஏட்டிலே பூஜ்யம்! 2022-இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையில் முதல் ஓட்டையும் நிலையானதாக எண்ணி வடிவமைத்தார்கள். ஹீத்ரோ 5-ஆம் முனையச் சுரங்கங்களிலோ கம்பி வலைக்குப் பதில் இரும்பு நாரைக் கலவையிலேயே சேர்த்தார்கள். பச்சைக் கூரைக்கடியில் நின்று வலை கட்டும் வேலை ஒழிந்தது. இத்தகைய சிக்கனத்தை இரு கை நீட்டி வரவேற்கிறோம்.

வேறொரு சிக்கனம் உண்டு. சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு உலைக் கசடும் அனல் நிலையச் சாம்பலும் கலப்பது. வாயு குறையும், உண்மை. ஆனால் கான்கிரீட் இறுகுவதும் தாமதமாகும். அந்த முதல் சில மணி நேரம் கூரைக்கடியில் நிற்பவர் யார்? திட்டம் தீட்டியவரா?

2014 மார்ச்சில், அதே எலிசபெத் பாதை வேலையில், புதிதாகப் பீய்ச்சிய கான்கிரீட் பெயர்ந்து விழுந்து ஒரு தொழிலாளி மாண்டார். சாம்பலின் மேல் நாம் பழி போடவில்லை. ஆள் நுழையக்கூடாத எல்லையைக் காக்கத் தவறியதே அங்கே குற்றம். வேறு குற்றங்களும் சேர, 2017-இல் 10 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம். போன உயிர் வந்ததா?

கலவையை மாற்றுகிறீர்களா? காத்திருக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். வலுவை அளந்து பார்த்த பிறகே ஆளை உள்ளே விடுங்கள். பீய்ச்சுக் குழாய் பிடிப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள்; சுவரில் ஒட்டாமல் தெறித்து வீணாகும் கான்கிரீட் குறையும், அதுவும் மிச்சந்தானே! காத்திருக்கும் மணிகளுக்கும் கூலி உண்டு என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதுங்கள்.