சராசரி மறைத்த கூலி

மலாய்க்காரரைவிட இந்தியர் மிகுதியாகவே ஈட்டுகின்றனர். ஆதலின் நம்மவர்க்குக் குறையேதுமில்லை என முழங்குவோர் இன்றும் உளர். அவர்கள் தூக்கிப்பிடிக்கும் சான்று பழையது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் மலாய்க்காரருக்கு 172 வெள்ளி, இந்தியருக்கு 304, சீனருக்கு 394. கணக்கில் பிழையில்லை. அதைக்கொண்டு கூலியை அளக்கப் புகுந்ததே பிழை.

ஆறாம் ஆண்டு மாணவனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். பால்மரம் வெட்டும் ஒன்பது குடும்பங்கள். ஒவ்வொன்றின் வருமானமும் 100 வெள்ளி. ஒரு வழக்கறிஞர் குடும்பத்திற்கு 2,140 வெள்ளி. சராசரி என்ன? அதே 304! அப்பத்தில் எந்தக் குடும்பமாவது 304 வெள்ளியைக் கண்டதுண்டா? வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால் நூறு என்றன்றோ சொல்வார்?

குடும்பக் கணக்கு என்பதும் ஒரு திரையே. தோட்டத்தில் கணவனும் மனைவியும் வெட்டுக்குப் போவர். பள்ளியை விட்ட பிள்ளையும் பின்னே போவான். மூவர் கூலியும் சேர்ந்தது ஒரு குடும்ப வருமானம். அத்தொகையை எழுத்தர் ஒருவர் தனித்தே ஈட்டினும் ஏட்டில் இரண்டும் சமம்! மழை பெய்தால் வெட்டில்லை. நாட்கூலியை இருபத்தாறால் பெருக்கி மாதச் சம்பளம் காண்போர் தோட்டத்து மழைக்காலத்தை அறியாதவர்.

ஆங்கிலேயர் அளவுகோல் வேறு விதமாகக் கோணிற்று. தமிழ்த் தொழிலாளிக்கு வேண்டிய அரிசி, துணி முதலியவற்றைப் பட்டியலிட்டுக் கூலியை நிர்ணயித்தனர். 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அவர்கள் அளந்தது உழைப்பை அன்று, வயிற்றை. பெண்ணுக்கு வயிறு ஐந்தில் நான்கு பங்குதான் போலும்! சீனத் தொழிலாளரோ அத்தகைய வேலைக்கே கூடுதலாகப் பெற்றனர்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனருக்கு நிகரான கூலி என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. புள்ளியியல் படியாத அவர்களே சரியாக அளந்தனர்: ஒரே வேலை, ஒரே நேரம், யாருக்கு எவ்வளவு? விடையாகப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

இன்று புள்ளிவிவரத் துறை நடுவில் நிற்பவரின் வருமானத்தையும் சேர்த்தே வெளியிடுகிறது. நம் மேடைகள்தாம் இன்னும் சராசரியை விட்டபாடில்லை. என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை பேரின் உழைப்பு என வினவாது இனவாரிச் சராசரியைக் கட்டுரைப் போட்டியில் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் வழங்கலாகாது.