சி டிரைவ் சிவப்பாயிடுச்சா? போட்டோவில் கை வைக்காதீங்க!

லேப்டாப்பில் சி டிரைவ் கோடு சிவப்பானதும் பலரும் முதலில் அழிப்பது போட்டோ, வீடியோவைத்தான். இந்த வரிசையே தப்பு. திரும்பக் கிடைக்கிறதைத்தான் முதலில் அழிக்கணும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்க. பழைய அப்டேட் மிச்சங்களை அங்கே தயங்காமல் அழிக்கலாம். ஆனா அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். பார்க்காமல் டிக் போட்டால் மார்க்‌ஷீட், ஆஃபர் லெட்டர் எல்லாம் சேர்ந்தே காலி. அடுத்து, விளையாடாத கேம்களை அன்இன்ஸ்டால் செய்யுங்க.

ஒன்டிரைவில் இருக்கிறதே என்று லேப்டாப்பில் டெலீட் செய்தால் கிளவுடிலும் போய்விடும். ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுப்பதே சரி.

போட்டோவுக்குக் கடைசியில் வரலாம், அதுவும் வேறு இடத்தில் ஒரு காப்பி இருந்தால் மட்டும். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இது புரியும்: லேப்டாப்பும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் தண்ணீர் இரண்டையும்தான் கொண்டுபோகும். பக்கத்துச் சிதம்பரத்தில் நடந்ததும் அதுதான். கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது, மிச்சத்தைத்தான் ராஜராஜ சோழன் மீட்டான் என்கிறது மரபு.

அதனால் டெலீட் பட்டனைத் தொடும் முன் ஒரே கேள்வி: இது வேறெங்காவது இருக்கா? பதில் தெரியலைன்னா, இன்னைக்கு அழிக்காதீங்க.