மேல்பெட்டியைத் திறந்தால் போதுமா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஆளாளுக்கு வேலைநேரம் பற்றியே பேசினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தொழிற்சாலை ஆய்வாளர் இனி ‘ஆய்வாளர் மற்றும் வசதியாளர்’. எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம்.

மாதிரி பார்த்து மொத்தத்தைச் சொல்லும் வித்தை சென்னையை அடுத்த ஒரகடத்து ஆலைகளுக்குப் புதிதல்ல. 10,000 பிராக்கெட் கொண்ட லாட் வந்து இறங்குகிறது. 50 எடுத்து கேஜில் வைத்தால் 2 உட்காரவில்லை. நூற்றுக்கு 4, ஆக, லாட்டில் 400 ரிஜெக்ட். பள்ளிக்கூட விகிதக் கணக்கு. புள்ளியியல் அவ்வளவு தாராளமில்லை. 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது, பழுது ஏறத்தாழ 50-க்கும் 1,370-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பதுதான். பழுதே அகப்படாவிட்டாலும் நிம்மதியில்லை. 60 எடுத்து 60-ம் தேறினால், புள்ளியியலின் தோராய விதிப்படி 3-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5 சதவீதம். அதாவது 500 வரை ஒளிந்திருக்க இடமுண்டு.

இதுவும் லாட் முழுக்கக் கலந்து எடுத்தால்தான். அவசரத்தில் பேலட்டின் மேல்பெட்டியை மட்டும் பிரிப்பார்கள். நைட் ஷிப்டில் டை தேய்ந்த பிறகு அடித்தவை அடிப்பெட்டியில் கிடக்கும். ஒரே தீயில் வெந்த பானைக்குத்தான் ஒரு சோறு பதம். பழுது தொடர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு, மாதிரிச் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2500-இல் ஒரு கறாரான விதி: தொடர்ந்து வரும் 5 லாட்டுகளுக்குள் 2 நிராகரிக்கப்பட்டால் சோதனையை இறுக்க வேண்டும்.

பிராக்கெட்டுக்கு உள்ள இந்த மரியாதை ஆளுக்கு உண்டா?

2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சப்ளையர் தணிக்கை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை போடும் ஆப்பிள், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று சொன்னது எப்போது? அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகு. ஆலை மேல்பெட்டி, விடுதி அடிப்பெட்டி.

உடனே ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ என்று கூப்பாடு கிளம்பும். லஞ்சம் வாங்குகிறவரைப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. அதற்காக ஆய்வையே சுருக்கச் சொல்பவர்களோடு விவாதிக்க எனக்கு நேரமில்லை. இந்தக் குலுக்கல் முறை பழுதைக் கண்டுபிடிக்க வந்ததல்ல, கண்டுபிடிக்காமலிருக்க வந்தது.

இல்லையென்றால் ஐஎஸ் 2500-இன் விதியை அப்படியே எடுத்தாளட்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் அடுத்தடுத்துப் பார்த்த 5 இடங்களில் 2 தேறவில்லையா? குலுக்கலை நிறுத்திவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளர் விடுதி, சமையற்கட்டு உட்பட எல்லாவற்றையும் பார்க்கட்டும். எத்தனை விதிமீறல் என்ற எண்ணோடு, எத்தனை இடத்தில், எந்த ஷிப்டில் பார்த்தோம் என்பதையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் மாதாமாதம் வெளியிடட்டும்.