ரப்பர் ஸ்டாம்ப்: ஒரு பிழை திருத்தம்



நேற்று மாலை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கும்போது பழைய மாணவர் ஒருவர் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். பேச்சு அரசியலுக்குப் போனது. "ஜனாதிபதின்னா ரப்பர் ஸ்டாம்ப்னு கிளாஸ்ல நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார்.

சொன்னேன்தான். குடிமையியல் நடத்திய வருஷமெல்லாம் சொன்னேன். அதைத் திருத்தவே இந்தப் பதிவு.

அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும். 1976-ல் 42-வது திருத்தம் அதை எழுத்திலேயே கட்டாயமாக்கியது. ஆனால் நெருக்கடி நிலை முடிந்தபின், 1978-ல் வந்த 44-வது திருத்தம் அவருக்கு ஓர் உரிமை தந்தது. "மறுபடியும் யோசியுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒருமுறைதானே, அதனால் என்ன பயன் என்பீர்கள்.

1991 ஜனவரி 30 நினைவிருக்கிறதா? ஆளுநர் பர்னாலா அறிக்கை தராமலேயே தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர் நம் தஞ்சை மண்ணின் ஆர். வெங்கட்ராமன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்துக்கு அதேபோல் ஒரு பரிந்துரை வந்தது. கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அரசு மறுபடி அனுப்பவில்லை. அந்த ஆட்சி பிழைத்தது. இருவருக்கும் இருந்தது ஒரே அதிகாரம்தான்.

நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த கலாம் இரண்டும் செய்தார். 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் இரவோடு இரவாகக் கையெழுத்திட்டார். அது அரசமைப்புக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். மறு வருஷம், ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி வீண்போகவில்லை. அதை ஆராய நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது.

கட்சி பார்த்து இதை எழுதவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் கேள்வி கேட்காது. அந்த நாற்காலியில் இருப்பவர் கேட்கலாம். "அவருக்கு அதிகாரமே இல்லை" என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், கேட்க வேண்டிய நேரத்தில் ஏன் கேட்கவில்லை என்று எவரையும் கேட்க முடியாது.

அன்று வகுப்பில் என்னோடு வாதாடியவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பிடித்துவைத்த அந்த ஒரு மார்க்கை இப்போதாவது போட்டுவிடுகிறேன்.